தராசில் தொங்கிய பேட்டரி

கோட்டைச்சாமி தன் மாருதி காரின் பேட்டரியை எட்டே மாதத்தில் கொன்றார். செத்துப்போய்விட்டது என்றுதான் அவர் சொன்னார். தானாகச் செத்தது எது, ஆள் சாகடித்தது எது என்று ஜெயபாக்கியத்துக்குத் தெரியாதா? மூடிகளைக் கழற்றிப் பார்த்ததுமே முகத்தைச் சுளித்தாள். ஆறு செல்லிலும் தண்ணீர் வற்றிப் பிளேட்டுகள் வெளுத்துக் கிடந்தன. இரண்டில் கிணற்றுத் தண்ணீரின் காவி படிந்திருந்தது.

அது எண்பத்தாறாம் வருஷம். போடியில் மாருதி வைத்திருந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். கோட்டைச்சாமிக்கு மலைமேல் ஏலத்தோட்டமும் ஊருக்குள் ஏலக்காய் மண்டியும் இருந்தன. கார் எங்கேயும் போய் வருவதற்காக வாங்கப்பட்டதல்ல. மண்டி வாசலில் நான்கு கதவுகளையும் திறந்து போட்டு, டேப்பில் பக்திப் பாட்டை ஓடவிட்டு, சிலமலையிலிருந்தும் ராசிங்காபுரத்திலிருந்தும் காய் கொண்டுவருகிறவர்களை உள்ளே ஒருதரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கச் சொல்வதற்காக வாங்கப்பட்டது. எஞ்சினைப் போட்டால் பெட்ரோல் வீணாகுமாம். அதனால் எஞ்சின் ஓடாது, பாட்டு மட்டும் பொழுதுக்கும் பாடும். ஒருநாள் பாட்டு இழுத்து இழுத்து அழுதது. மறுநாள் அதுவும் நின்றது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அந்தக் கடையின் போர்டில் சின்னத்துரை பேட்டரி ஒர்க்ஸ் என்று எழுதியிருந்தது. சின்னத்துரை ஜெயபாக்கியத்தின் கணவன். தங்கமான மனுஷன். யார் எதைச் சொன்னாலும் ஆமா என்பான். எது பிளஸ், எது மைனஸ் என்று கேட்டால் சிவப்புப் பெயிண்டைக் காட்டுவான். அழுக்கேறிப் பெயிண்ட் தெரியாமல் போய்விட்டால் பெண்டாட்டி முகத்தைப் பார்ப்பான். ஆசிட் ஊற்றுவது, சார்ஜில் போடுவது, செல்லுக்குச் செல் மீட்டர் விட்டுப் பார்ப்பது எல்லாம் அவள் சோலி. அவளுடைய சேலை ஒவ்வொன்றிலும் ஆசிட் தெறித்த ஓட்டைகள் பொட்டுப் பொட்டாக இருக்கும்.

ஆனாலும் கடை வாசலில் வந்து நிற்கிற ஆம்பளைகள் அவளைப் பார்த்துக் கேட்கிற முதல் கேள்வி, "அண்ணன் இல்லையா?" என்பதுதான். அண்ணன் டீ குடித்துவிட்டு வரும்வரை காத்திருப்பார்கள். வந்ததும் அவனிடம் கேட்பார்கள். அவன் திரும்பி அவளிடம் கேட்பான். அவள் சொன்னதை அவன் அவர்களுக்குச் சொல்வான். இரண்டடி தூரத்தில் நிற்கிறவளின் பேச்சு இப்படி ஊரைச் சுற்றிக்கொண்டு அவர்கள் காதுக்குப் போகும்.

ஜீப்புக்காரர்களிடம் மட்டும் அந்த வீம்பு கிடையாது. மலைப்பாதையில் பனிக்குள் வண்டி நின்றுபோனால் வீம்பு வந்து தள்ளாது என்று அவர்களுக்குத் தெரியும். அந்தக் கடைப் பேட்டரி மேட்டில் கைவிடாது என்று அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில் ஏழு வருஷமாகக் கடை ஓடியது. கடைக்கு வேறு மூலதனம் என்று எதுவும் இல்லை. தேனியில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய கடை இருந்தது. ஒரே ஒரு கெட்ட பேர் போதும், ஜீப்பெல்லாம் தேனிக்குத் திரும்பிவிடும். ஜெயபாக்கியம் பயந்தது அந்த ஒன்றுக்குத்தான்.

கோட்டைச்சாமி புதுப் பேட்டரி பார்க்க வந்தபோது மண்டியிலிருந்து ஒரு கொக்கித் தராசையும் கையோடு கொண்டுவந்திருந்தார். ஜெயபாக்கியத்துக்கு முதலில் எதற்கென்று விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டாள். ஏலக்காயை ஒரு லிட்டர் படியில் அளந்து எடை போட்டு, எடை இருந்தால் சரக்கு, இல்லாவிட்டால் பொக்கு என்று முப்பது வருஷமாகத் தள்ளிப் பழகிய மனுஷர் அவர். உலகத்தில் உள்ள எல்லாப் பொருளுக்கும் அதே சட்டம்தான் என்று நம்பிவிட்டார்.

மாருதிக்கென்றே வந்த புதுப் பேட்டரியை அவள் எடுத்து வைத்தாள். அவர் அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். பிறகு ஒரு கயிற்றைக் கட்டிக் கொக்கியில் தொங்கவிட்டார். எட்டு கிலோ. உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அதைக் கீழே வைத்துவிட்டுக் கடையைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். மூலையில் கிடந்த கறுத்த பெட்டி ஒன்றில் கண் நின்றது. பழைய ஜீப்புப் பேட்டரி அது. தேறின பிளேட்டுகளைப் பொறுக்கி அடுக்கிக் கட்டி, திருவிழாவுக்கு மைக் செட்டுக்காரர்களிடம் வாடகைக்கு விடுவதற்காக வைத்திருந்தது. இரண்டு பாட்டுக்கு ஒருமுறை அதுவும் மூச்சு வாங்கும். அதைத் தராசில் தூக்கியபோது கோட்டைச்சாமியின் கை நடுங்கியது. இருபத்திரண்டு கிலோ. அவர் முகம் மலர்ந்துபோயிற்று.

ஜெயபாக்கியம் பொறுமையாகத்தான் சொன்னாள். புதுப் பேட்டரி ஆசிட் இல்லாமல் காய்ந்த நிலையில்தான் கம்பெனியிலிருந்து வரும், விற்கிற அன்றைக்குத்தான் ஊற்றவேண்டும், அப்போதுதான் பிளேட் கெடாமல் இருக்கும் என்றாள். பழையதன் எடையில் பாதி உள்ளே கிடக்கிற ஆசிட்டும், பிளேட்டிலிருந்து உதிர்ந்து அடியில் தங்கிய சகதியும் என்றாள். தவிர, அது மாருதியின் பேட்டரித் தட்டில் உட்காராது, உட்கார்ந்தாலும் பானெட்டில் முட்டும் என்றாள். அவர் அவளைப் பார்க்காமல் சின்னத்துரையைப் பார்த்தே தலையாட்டிக்கொண்டிருந்தார். அதில்தான் அவளுக்குப் பொறுமை போனது.

"அண்ணே, நனைஞ்ச காய வெயிட்டா இருக்குன்னு நீங்க வாங்குவீகளா?" என்றாள்.

ஈரக்காயை அடுத்தவன் தலையில் கட்டுவதில் கோட்டைச்சாமிக்கு ஊருக்குள் ஒரு பேர் உண்டு. மூட்டை கட்டுவதற்கு முந்தின ராத்திரி மண்டியில் ஈரச்சாக்கு விரிக்கிறார்கள் என்று காய் பொறுக்குகிற பெண்கள் கிசுகிசுப்பார்கள். நேருக்கு நேராக அவரிடம் யாரும் அதைச் சொன்னதில்லை.

"காய் வேற, இரும்புச் சாமான் வேற. சாமானுக்கு வெயிட்டுத்தேன் தரம்," என்றவர் சின்னத்துரை பக்கம் திரும்பினார். "தம்பி, வீட்ல ரொம்பப் பேச விடுறியோ?"

சின்னத்துரை ஆமா என்றான். எதற்கு ஆமா சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

அந்தக் கட்டிய பேட்டரியை விற்கமாட்டேன் என்று ஜெயபாக்கியம் தீர்த்துச் சொல்லிவிட்டு, சாப்பிட வீட்டுக்குப் போனாள். போய் ஒரு வாய் ரசம் ஊற்றிக்கொள்வதற்குள் இங்கே வியாபாரம் முடிந்துவிட்டது. திரும்பி வந்தபோது மூலை காலியாக இருந்தது. கோட்டைச்சாமி அண்ணன் ரொம்ப வற்புறுத்திக் கேட்டார் என்றான் சின்னத்துரை. வெல்டிங் கடையிலிருந்து ஆள் வந்து தட்டின் விளிம்பை வெட்டி வளைத்து, பேட்டரியை உள்ளே திணித்து, சாக்குக் கட்டுகிற கயிற்றால் இறுக்கினானாம். சாவியைத் திருப்பினதும் கார் கும்மென்று கிளம்பியதாம். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு பெருமை வேறு. தாலி கட்டியவன் முகத்தில் ஆசிட்டையா ஊற்ற முடியும்? வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்துவிட்டு, சைக்கிள் டியூபில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக்கொண்டு நேராக மண்டிக்கு நடந்தாள்.

பானெட்டைத் திறந்து பார்த்தபோது அவள் பயந்தபடியே இருந்தது. பிளஸ் முனைக்கும் பானெட் தகரத்துக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. வண்டி ஒரு குழியில் குதித்தால் இரண்டும் முட்டும். அவளே டியூப் துண்டை முனையின்மேல் போர்த்திக் கட்டினாள். இதைக் கழற்றவே கழற்றாதீர்கள், மேலே போகும்போது லைட்டையும் வைப்பரையும் சேர்த்துப் போடாதீர்கள், இல்லையென்றால் இப்போதே கொடுங்கள், புதுசை மாட்டித் தருகிறேன் என்றாள். கோட்டைச்சாமி பல் குத்திக்கொண்டே சரி சரி என்றார்.

பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. கார் வாசலில் நின்று பாடியது, அவ்வளவுதான். பதிமூன்றாம் நாள் தேவாரத்திலிருந்து காசிமாயன் வந்தார். அவருடைய மகனுக்குக் கோட்டைச்சாமியின் மகளைக் கேட்டிருந்தார்கள். பேச்சு முக்கால்வாசி முடிந்திருந்தது. தோட்டத்தைக் காட்டிவிட்டால் மீதியும் முடிந்துவிடும் என்று கோட்டைச்சாமி காரில் மலையேறத் தீர்மானித்தார். புறப்படுவதற்கு முன்னால் சம்பந்திக்கு எஞ்சினைக் காட்ட வேண்டுமே! பளபளவென்று இருந்த எஞ்சினுக்குப் பக்கத்தில் கறுப்பு டியூப் துண்டு அசிங்கமாகத் தெரிந்தது. கழற்றி வீசிவிட்டார்.

மத்தியானம் கழிந்து, மலையிலிருந்து இறங்கிய சோணை தன் ஜீப்பைக் கடை வாசலில் நிறுத்தினான். அவன் இந்தக் கடையின் பழைய வாடிக்கை. இறங்காமலே சொன்னான்.

"அக்கா, ஒங்க கடைப் பேட்டரி பதினோராவது வளைவுல படுத்துருச்சு. மேல போறவனும் கீழ வர்றவனும் நின்னு பாத்துட்டுத்தேன் போறான்."

கோட்டைச்சாமியின் பேட்டரி என்று சொல்லவில்லை. உங்கள் கடைப் பேட்டரி என்றான். ஜெயபாக்கியம் கைத்துணியைக் கீழே போட்டாள். சாயங்காலத்துக்குள் எத்தனை ஜீப்பு அந்த வளைவைக் கடக்கும் என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். எண்ணி முடிக்காமலே எழுந்தாள். எட்டு கிலோ என்று ஒதுக்கப்பட்ட அந்தப் புதுப் பேட்டரி, ஆசிட் கேன், புனல், ஸ்பானர், சுத்தியல், சோடா மாவு, வாஸ்லின் டப்பா, பழைய துணி எல்லாவற்றையும் ஜீப்பில் ஏற்றினாள். நானும் வரவா என்று கேட்ட சின்னத்துரையை ஒரு பார்வை பார்த்தாள். அவன் உட்கார்ந்துகொண்டான்.

"வெரசாப் போ சோணை," என்றாள்.

வளைவில் பனி இறங்கியிருந்தது. சோணை வழியிலேயே நடந்ததைச் சொல்லியிருந்தான். பனியைக் கண்டதும் கோட்டைச்சாமி லைட்டையும் வைப்பரையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். போதாததற்குச் சம்பந்திக்குப் பாட்டு வேறு. வளைவில் ஒரு குழியில் வண்டி குதித்தது, பானெட்டுக்குள் பொறி பறந்தது, புகை வந்தது, எல்லாம் ஒரேயடியாக நின்றது. தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த வேலையாட்கள் ஆறு பேரைப் பிடித்து வண்டியைத் தள்ளச் சொல்லியிருக்கிறார், அதுவும் ஏற்றத்தில். இறக்கத்தில் திருப்பி உருட்டிப் பார்க்கலாம் என்று ஜீப்புக்காரர்கள் சொன்னதற்கு, சம்பந்தியை வைத்துக்கொண்டு வந்த வழியே திரும்புவதா என்று சீறியிருக்கிறார். கடைசியில் திருப்பி உருட்டியும் பார்த்தார்கள். ஒரு பொட்டுக் கரண்டு இல்லாத வண்டி உருண்டு மட்டும் என்ன செய்யும்?

ஜெயபாக்கியம் இறங்கும்போது காசிமாயன் ரோட்டோரப் பாலத்துச் சுவரில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான்கைந்து ஜீப்புகள் ஓரங்கட்டி நின்றன. கோட்டைச்சாமி அவளைக் கவனிக்காமல் சம்பந்தியிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நல்ல பேட்டரியாக் கேட்டேன் மச்சான். சின்னத்துரை கடையில ஏமாத்திப்புட்டாய்ங்க."

அவளுக்குக் காது இரண்டும் கொதித்தது. அழுகையும் வந்தது. கேட்டுக்கொண்டு நின்ற ஜீப்புக்காரர்கள் ஒவ்வொருவனும் அவளிடம் பேட்டரி வாங்கியவன். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒரு வார்த்தை பேசினாலும் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்ததால் பேசாமல் பானெட்டைத் தூக்கினாள்.

ஆசிட் நெடி மூக்கில் ஏறியது. பிளஸ் முனை உருகி ஒருபக்கம் வழிந்திருந்தது. பானெட்டின் உள்பக்கம் வட்டமாகக் கருகியிருந்தது. மைனஸ் வயரை முதலில் கழற்றினாள், அப்புறம் பிளஸ். சாக்குக் கயிற்றை அறுத்தாள். சோணை அந்த இருபத்திரண்டு கிலோவைத் தூக்கி ரோட்டில் வைத்தான். சிந்தியிருந்த ஆசிட்டின்மேல் சோடா மாவைத் தூவித் தண்ணீர் விட்டாள். அது பொங்கி அடங்கியதும் துடைத்தாள். வெல்டிங்காரன் வளைத்துவைத்த தட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டி நிமிர்த்தினாள். ஒவ்வொரு அடியும் யார் மண்டையில் விழுகிறது என்று நினைத்துக்கொண்டாள் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

புதுப் பேட்டரியின் மூடிகளைக் கழற்றி, புனலை வைத்து, செல் செல்லாகக் கோடு வரைக்கும் ஆசிட் ஊற்றினாள். ஊற்றிவிட்டுப் பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன, ஒக்காந்துட்ட? மாட்டு வெரசா," என்றார் கோட்டைச்சாமி.

"அரைமணி நேரம் ஆகும். பிளேட்டு குடிக்கணும்."

அரைமணி நேரம் சும்மா இருக்கிற ஆளா அவர்? தோட்டத்தில் காயை எடை போட்டுப் பார்ப்பதற்காகக் காரின் பின்னால் வைத்திருந்த கொக்கித் தராசு ஞாபகம் வந்துவிட்டது. எடுத்துவந்தார். ஜெயபாக்கியம் தடுக்கவில்லை. மூடிகளைத் திருகி மூடிக்கொடுத்தாள். கயிற்றைக் கட்டித் தூக்கினார். முள் பன்னிரண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை அந்தப் பனியிலும் எல்லோரும் பார்த்தார்கள்.

"மச்சான், இங்க வந்து பாருங்க," என்று கூப்பிட்டார். "அன்னைக்கு எட்டுக் கிலோ. இன்னைக்குப் பன்னெண்டு. வெயிட்டுப் பத்தாதுன்னு நான் அன்னைக்கே சொன்னேன். நான் சொன்ன பெறகுதேன் வெயிட்ட ஏத்திக் கொண்டாந்திருக்காக."

காசிமாயன் எழுந்து வந்தார். அவரும் தேவாரத்தில் நிலமும் மேலே கொஞ்சம் ஏலமும் வைத்திருப்பவர். தராசு முள்ளைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், ஜெயபாக்கியத்தைப் பார்த்தார். அவளிடமே கேட்டார்.

"நாலு கிலோ எப்பிடி ஆத்தா ஏறுச்சு?"

ஜெயபாக்கியத்துக்குக் குரல் உடையவில்லை. தெளிவாகவே வந்தது.

"ஈரந்தேன், அண்ணே. இவுக மண்டியில காய்க்கு ஏத்துவாகள்ல, அதேதேன்."

முதலில் சோணைதான் சிரித்தான். பிறகு ஜீப்புக்காரர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். தள்ள வந்த வேலையாட்கள், கோட்டைச்சாமியிடம் கூலி வாங்குகிறவர்கள், பனிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. கோட்டைச்சாமியின் கையில் பேட்டரி இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கி வைக்கவும் தோன்றவில்லை அவருக்கு. காசிமாயன் சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரைமணி கழிந்ததும் ஜெயபாக்கியம் பேட்டரியைத் தட்டில் வைத்தாள். கச்சிதமாக உட்கார்ந்தது. பிடியை முடுக்கினாள். பிளஸ் முதலில், மைனஸ் கடைசியில். இரண்டு முனைக்கும் வாஸ்லின் தடவினாள். பானெட்டை ஒரு விரலால் தள்ளினாள், மூடிக்கொண்டது. சாவியைத் திருப்பியதும் கார் உறுமிக் கிளம்பியது. கூடவே விட்ட இடத்திலிருந்து பக்திப் பாட்டும்.

கோட்டைச்சாமி சம்பந்திக்காகக் கதவைத் திறந்து பிடித்தார். தோட்டத்து பங்களாவில் சாப்பாடு காத்திருப்பதாகச் சொன்னார்.

"சாப்பாடு கெடக்கட்டும் மச்சான்," என்றார் காசிமாயன். "மொதல்ல தோட்டத்துல காய் வைக்கிற ஒங்க ஸ்டோருக்குப் போவம். மூட்டை கட்டி வச்ச காயக் கொஞ்சம் பாக்கணும். அந்தத் தராச மறந்துராதீக."

கார் பனிக்குள் போயிற்று. ஜெயபாக்கியம் பழைய பேட்டரியைக் காலடியில் வைத்துக்கொண்டு சோணையின் ஜீப்பில் இறங்கினாள். எதிரே வந்த ஒவ்வொரு ஜீப்பையும் சோணை நிறுத்தினான். ஒவ்வொருத்தனிடமும் முதலிலிருந்து சொன்னான். போடி வந்து சேர வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் கூடுதலாக ஆனது. அவள் ஒருதடவைகூட வெரசாப் போ என்று சொல்லவில்லை.

கல்யாணப் பேச்சு என்ன ஆயிற்று என்று ஊர் பல மாதிரி சொன்னது. காசிமாயன் அப்புறம் மண்டிப் பக்கம் வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்தது. அந்தப் பெண்ணை நினைத்து ஜெயபாக்கியத்துக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அப்பனை நினைத்து ஒரு வருத்தமும் இல்லை.

ஒரு மாதம் கழித்து, பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கவேண்டிய நாளில், கார் கடை வாசலில் வந்து நின்றது. கோட்டைச்சாமி இறங்கினார். கையில் தராசு இல்லை. கல்லாவில் இருந்த சின்னத்துரை எழுந்து, வாங்கண்ணே என்றான், என்ன வேணும் என்றான். அவர் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். ரோட்டோரம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த சோணையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி இல்லையா?"

உள்ளே ஒரு ஜீப்புப் பேட்டரிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ஜெயபாக்கியத்துக்கு அது நன்றாகவே கேட்டது. இன்னும் நான்கு செல் பாக்கி இருந்தது. நான்கையும் ஒவ்வொன்றாகக் கோடு வரைக்கும் ஊற்றி, மூடி போட்டு, துணியால் துடைத்துவிட்டுத்தான் எழுந்து வெளியே வந்தாள்.